ஒரிஜினல் சார் வண்டி கட்டிய கதை

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது சம்பளப் பட்டியலில் மட்டும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது. தெருவில், அச்சகத்தில், பழைய வண்டிகளை உடைக்கும் யார்டில், எங்கே போனாலும் அவர் ஒரிஜினல் சார்தான். எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஒரிஜினல் இல்லையே" என்று சொல்லி முகத்தைச் சுளிப்பார். சொந்த மச்சினன் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த பேனாவுக்கும் அந்த மரியாதை கிடைத்தது.

தொழில் அச்சகத்தில் பிழை திருத்துவது. மருந்துச் சீட்டு, எண்ணெய் பாட்டில் லேபிள், கம்பெனிகளின் ஆண்டறிக்கை எல்லாம் அவர் பார்த்த பிறகுதான் மெஷினுக்குப் போகும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார் என்றால் ஒரு காற்புள்ளி தப்பாது. முப்பது வருஷம் இப்படியே அடுத்தவன் தப்பைத் தேடிச் சம்பளம் வாங்கினால் மனுஷன் என்ன ஆவான்? வீட்டுக்கு வந்த பிறகும் தேடுவான். தேடுவதற்குத் தோதாக அவர் ஒரு கார் வாங்கினார்.

கார் என்றால் சாதாரணக் கார் இல்லை. இரண்டு கதவு, இரண்டே சீட்டு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கம்பெனி அந்த மாடலை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது. வாங்கிய அன்றைக்கு அது ஓடியது. இதை நீங்கள் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அவர் மறந்துவிட்டார். விற்றவர் வீட்டிலிருந்து அது தன் நான்கு சக்கரத்தில், தன் இன்ஜினில் ஓடித்தான் இவர் வீட்டு ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது. பக்கத்து சீட்டில் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்றைக்கு நைட் டியூட்டி முடித்த அலுப்பு முகத்தில் இருந்தும், காற்று அடித்ததும் அவள் சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த மயக்கத்தில் சார் வாயை விட்டார்.

"நீ ரிட்டயர் ஆகுற அன்னிக்கு இதே வண்டியில வந்து உன்னை ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து கூட்டிட்டு வருவேன். பாத்துக்கிட்டே இரு."

அவளும் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள், பதினோரு வருஷம், பஸ் ஜன்னல் வழியாக.

முதலில் ஒரு பின்விளக்குதான். அதன் கண்ணாடியில் கம்பெனி முத்திரை இல்லை என்று இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். உடனே யார்டுக்கு ஓடினார். ஊருக்கு வெளியே, மதில் சுவர் உயரத்துக்கு நசுங்கிய கார்களை அடுக்கி வைத்திருக்கும் இடம் அது. நடத்துவது ஓர் அம்மாள். தடித்த கையுறை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி. எந்தக் குவியலில் எந்த வண்டியின் எந்த எலும்பு கிடக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம். அந்த யார்டில் ஒரு வழக்கம் உண்டு. பழைய பாகம் ஒன்று வேண்டுமென்றால் கையோடு ஒரு பழைய பாகத்தைக் கொண்டுவந்து போட வேண்டும். ஒன்றைப் போடு, ஒன்றை எடு. போட்டது போட்டதுதான், திரும்பக் கேட்கக் கூடாது.

சாருக்கு இந்த வழக்கம் தேனாக இனித்தது. சனிக்கிழமை தோறும் காரிலிருந்து எதையாவது கழற்றி, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போவார். வரும்போது வேறொன்றைச் சுற்றி எடுத்து வருவார். கார்பரேட்டரைப் போட்டார், அதில் ஒரு திருகு பிற்காலத்துத் திருகாம். ஹெட்லைட் வளையத்தைப் போட்டார், பளபளப்பு அரைப் பிடி கம்மியாம். ஹாரனைப் போட்டதுதான் உச்சம். நன்றாக அலறிக்கொண்டிருந்த ஹாரன். இவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "சுருதி சேரலை. இந்த மாடல் ஹாரன் இன்னும் கொஞ்சம் மேல நிக்கணும்" என்றார். யார்டுக்காரம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கச்சேரிக்கா சார் வாங்குறீங்க என்று கேட்க நினைத்து, வாடிக்கையாளராயிற்றே என்று விட்டுவிட்டாள்.

எடுத்து வந்ததையாவது காரில் மாட்டினாரா? மாட்டிவிட்டால் அப்புறம் அதில் குறை தேட முடியாதே. எல்லாம் வீட்டுக்குள்தான் வந்தன. கார்பரேட்டர் கட்டிலுக்கு அடியில். ஹெட்லைட்டுகள் துணி அலமாரியில், மனைவியின் யூனிஃபார்ம் மேல் ஏறி உட்கார்ந்து யார் கதவைத் திறந்தாலும் முறைத்துப் பார்த்தன. சீட்டு இரண்டும் ஹாலில். மச்சினன் வந்தால் அதில்தான் உட்காருவான். உட்கார்ந்து, இல்லாத ஸ்டீரிங்கைப் பிடித்து வளைத்து, "அத்தான், அடுத்த ஸ்டாப்ல இறக்கி விட்டுடுங்க" என்பான். சார் சிரிக்க மாட்டார். அறிவில்லாதவனோடு என்ன பேச்சு என்று பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஏதோ ஒரு நட்டைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

அந்தத் தேய்க்கும் நேரத்தில்தான் மனைவி தன் சேதிகளைச் சொல்வாள். வார்டு மாற்றினார்கள் என்றாள். "ம்" என்றார். முழங்கால் வலிக்கிறது, பஸ்ஸில் நின்று வர முடியவில்லை என்றாள். "ம்" என்றார். ஆம்புலன்ஸ் டிரைவர் மத்தியானத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார் என்றாள். அதற்கும் ஒரு "ம்". இன்னொரு நாள் கையில் ஒரு சின்ன அட்டையை வைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள். வெளிச்சத்தை மறைக்காதே என்றார். அட்டையில் எழுத்துப் பிழை இருந்திருந்தாலாவது நிமிர்ந்து பார்த்திருப்பார்.

யார்டுக்காரம்மாளும் தன் பங்குக்கு ஒருமுறை சொன்னாள். இவர் போடுகிற சாமானை எல்லாம் ஒருத்தர் வாரம் தவறாமல் வந்து எடுத்துக்கொண்டு போகிறார், இதே மாடலின் வெறும் கூடு ஒன்றும் வாங்கிப் போயிருக்கிறார் என்று. சார் வாய்விட்டுச் சிரித்தார். நாம் கழித்துப் போட்டதைப் பொறுக்கி வண்டி கட்டுகிறானாம். அந்த அப்பாவியை நினைத்து உண்மையிலேயே இரக்கப்பட்டார்.

இப்படியே மனைவிக்கு வேலையில் கடைசி மாதம் வந்தது. மச்சினன் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்தான். மெக்கானிக் ஷெட்டையும் பார்த்தார், கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தார், அலமாரியையும் திறந்து பார்த்தார். பிறகு, ஒரு பாகம்கூடக் குறையில்லை, நான்கு நாள் கொடுத்தால் மாட்டி ஓட்டிக் காட்டுகிறேன் என்றார். சாருக்கு உள்ளபடியே ஆசையாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்துவதையும், அவள் படியிறங்கி வருவதையும் எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தவர்தானே. சரி என்று சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அவர் கண் ஸ்டீரிங்கில் போய் விழுந்தது. வண்டியோடு வந்ததில் அவர் கழற்றாமல் மிச்சம் வைத்திருந்த ஒரே ஒரிஜினல் பாகம் அது. அதன் வளையத்தில், மேல் பக்கம், மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல்.

"சனிக்கிழமை வரைக்கும் பொறுங்க," என்றார் மெக்கானிக்கிடம். "இதை மட்டும் மாத்திடுறேன்."

மெக்கானிக் மச்சினனைப் பார்த்தார். மச்சினன் கூரையைப் பார்த்தான்.

சனிக்கிழமை ஸ்டீரிங்கைப் போட்டுவிட்டு, விரிசல் இல்லாத இன்னொன்றை எடுத்து வந்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாட்டப் பார்த்தால் அச்சில் இறங்கவில்லை. அதே கம்பெனிதான், ஆனால் அடுத்த மாடல். நடுவிலுள்ள துளையில் பல்லின் எண்ணிக்கையே வேறு. வாழ்நாளெல்லாம் காற்புள்ளி எண்ணியவர் பல்லை எண்ணாமல் வாங்கி வந்துவிட்டார். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு யார்டுக்கு ஓடினார். மூச்சு வாங்க நின்றவரைப் பார்க்க அம்மாளுக்கே பாவமாக இருந்தது. குவியலை ஒருமுறை கிளறிக்கூடப் பார்த்தாள்.

"அன்னிக்கே எடுத்துட்டுப் போயிட்டாரு சார். வழக்கமா வர்றவருதான். போட்டா போட்டதுதான்னு உங்களுக்குத் தெரியாதா?"

அந்த வாரம் முழுக்க நாலு யார்டு அலைந்தார். கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மனைவிக்குக் கடைசி நாள். காலையில் அவள் வழக்கம்போல் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். ஷெட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். கேட்கவில்லை. "சாயந்திரம் நாலு மணிக்கு முடியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள். சார் தலையை ஆட்டினார். அவள் கேட்டிருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். கேட்காததுதான் சுருக்கென்று தைத்தது.

மூன்று மணிக்கு ஒரு வாடகைக் காரைக் கூப்பிட்டுப் போகலாமா என்று யோசித்தார். வாடகைக் காரில் போய் இறங்க வெட்கமாக இருந்தது. மூன்றரைக்கு பஸ்ஸில் போகலாமா என்று யோசித்தார். அது அதைவிடக் கேவலமாகப் பட்டது. நாலு மணிக்கு ஷெட்டில், ஸ்டீரிங் இல்லாத காரின் முன்னால் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகக் கையில் தேய்க்க எதுவும் இல்லை. நம்பிக்கொண்டிருந்தவளை இப்படி ஏமாற்றிவிட்டோமே என்று கண் கலங்கியது. கலங்கட்டும், நன்றாகக் கலங்கட்டும்.

நாலே முக்காலுக்குத் தெருமுனையில் ஓர் இன்ஜின் சத்தம் கேட்டது. சார் தலையைத் தூக்கினார். அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். பிற்காலத்துத் திருகு போட்ட அந்தக் கார்பரேட்டர்தான் இப்படி மூச்சு விடும்.

வாசலுக்கு ஓடினார். இரண்டு கதவு, இரண்டு சீட்டு, தரையோடு படுத்திருக்கும் அதே மாடல். இன்ஜின் மூடி மஞ்சள், ஒரு கதவு நீலம், மற்றதெல்லாம் துருப்பிடிக்காமலிருக்க அடிக்கும் பழுப்பு. பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் ஓடி வந்து, அவர் காலடியில் வந்து நின்றது. ஓட்டி வந்தது மனைவி. யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. பின்னாலேயே பைக்கில் வந்த ஆம்புலன்ஸ் டிரைவர் எதிர்ச்சாரியில் நிறுத்திவிட்டு, தனக்கு இதில் சம்பந்தமில்லை என்பதுபோல் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சார் முகத்தில் ஈயாடவில்லை. அவர் கண் தன்னால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனது. பளபளப்பு கம்மியான வளையம். முத்திரையில்லாத பின்விளக்கு. கடைசியில் மனைவியின் இரண்டு கைக்கும் நடுவில் வந்து நின்றது. ஸ்டீரிங் வளையத்தின் மேல் பக்கம், விரிசல் இருந்த இடத்தில், யாரோ நெருக்கமாக நூல் சுற்றி வைத்திருந்தார்கள்.

"எல்லாம் நீங்க வேண்டாம்னு போட்டதுதானாம்," என்றாள் அவள். "இந்த டிரைவர்தான் எடுத்து மாட்டியிருக்காரு. இன்னிக்கு ஒரு நாளைக்கு ஓட்டிக்கச் சொன்னாரு."

"உனக்கு எப்ப ஓட்டத் தெரியும்?"

"கத்துக்கிறேன்னு சொன்னேன். ம்னீங்க. லைசென்ஸ் வந்தப்ப கொண்டுவந்து காட்டினேன். வெளிச்சத்தை மறைக்காதேன்னீங்க." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "நீங்க வருவீங்கன்னு நம்பிக்கிட்டுத்தான் இருந்தேன். ஆறு மாசம் முன்னாடி வரைக்கும் நம்பினேன்."

ஏறச் சொன்னாள். ஏறி உட்கார்ந்தார். உள்ளே புழுக்கம். கண்ணாடியை இறக்கலாம் என்று கையைக் கொண்டுபோனால் அங்கே சுற்றுகிற கைப்பிடி இல்லை, வெறும் முளைதான் நீட்டிக்கொண்டிருந்தது. எதிர்ச்சாரியிலிருந்து டிரைவர் சங்கடமாகச் சொன்னார், "அது ஒண்ணுதான் சார் எங்க தேடியும் கிடைக்கலை."

கிடைக்காது. இருந்த இரண்டும் சார் வீட்டு பிஸ்கட் டப்பாவில் பஞ்சில் சுற்றித் தூங்கிக்கொண்டிருந்தன. இரண்டும் ஒரிஜினல், ஒரு கீறல் கிடையாது. மூன்று வருஷம் தேடிப் பிடித்தவை. சார் கொஞ்ச நேரம் அந்த முளையையே பார்த்தார். பிறகு இறங்கி உள்ளே போனார். டப்பாவோடு வந்து, குனிந்து, ஒன்றை எடுத்து மாட்டித் திருகி முடுக்கினார். பதினோரு வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து ஒரு பாகம் ஓடுகிற வண்டிக்குள் போனது அன்றைக்குத்தான். சுற்றினார். கண்ணாடி முனகாமல் கொள்ளாமல் இறங்கியது.

மனைவி வண்டியை எடுத்தாள். தெரு திரும்பி, பஸ் நிறுத்தம் வந்தது. அவள் இத்தனை வருஷம் கால் மாற்றி மாற்றி நின்ற இடம். காற்று அடித்தது. சார் ஓரக்கண்ணால் பார்த்தார். அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது, அதை மட்டும்தான் இவர் மாற்றாமல் விட்டுவைத்திருந்தார் போலிருக்கிறது. இரண்டாவது கியரில் ஏதோ சத்தம் வந்தது. அவர் வாய் தன்னால் திறந்தது.

அவள் அதற்குள் ஹாரனை அழுத்தினாள். நிறுத்தத்தில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அவர்களுக்குக் கை காட்டிவிட்டு இன்னொரு தடவை, நீளமாக, கையை எடுக்காமல் அழுத்தினாள்.

"எப்படி இருக்கு?" என்றாள்.

சார் திறந்த வாயை மூடினார். பஞ்சோடு டப்பா மடியில் இருந்தது. அதை எடுத்துக் காலடியில் வைத்தார்.

"சுருதி சரியாத்தான் இருக்கு," என்றார்.