நடு ஆற்றுப் பாறை

செஞ்சிக்கு வெளியே, அணைக்குக் கீழே, ஆறு கணுக்கால் அளவுதான் ஓடுகிறது. நடுப்பாறையில் நின்று, இறகு கட்டிய தூண்டிலைக் கெண்டைக்காக வீசுகிறேன். கரையில் தன் தூண்டிலில் மண்புழு கோத்துக்கொண்டிருக்கும் உள்ளூர் அம்மா ஒருவர் திடீரென்று கத்துகிறார்.

"ஏறி வா சார்! மதகு தொறந்துட்டாங்க!"

எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அவரே இறங்கி வந்து என் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். கரையேறித் திரும்பினால் பாறையைக் காணோம். செம்மண் வெள்ளம் சீறிக்கொண்டு போகிறது.

"உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"தண்ணி கலங்குச்சே, பாக்கலியா? எங்க ஊட்டுக்காரரும் பாக்கல. போன ஆவணியில, இதே பாறதான்."

அவர் சேலையைப் பிழிந்துவிட்டு, அடுத்த புழுவை எடுக்கிறார்.