மஞ்சள் வெளிச்சம் கேட்ட அற்புதமேரி அக்கா

முதல் ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது அற்புதமேரி அக்காவின் மகள் ஸ்டெல்லாவின் அழைப்பு வந்தது. "அண்ணே, அம்மா போயிட்டாங்கண்ணே. சாப்ட்டு ஒக்காந்தவங்க அப்படியே சாஞ்சிட்டாங்க" என்றாள். "கண்ணு நல்லாத்தானே இருந்தது?" என்று கேட்டேன். இறந்துபோனவரைப் பற்றி யாரும் கேட்கிற கேள்வியல்ல அது. ஆனால் ஸ்டெல்லாவுக்குப் புரிந்தது. "காலையில கூட பேப்பர் படிச்சாங்கண்ணே. எதுத்த மரத்துல மைனா கூடு கட்டிகினு இருக்குதுன்னு என்னைக் கூப்ட்டுக் காட்டுனாங்க" என்றாள். எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அழுகை பஸ் ஏறிய பிறகு வந்தது.

அற்புதமேரி அக்காவை உங்களில் பலர் டவுன்ஷிப் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவராக அறிவீர்கள். எனக்கும் பண்ருட்டி குமரவேலுக்கும் அவர் எங்களைப் போலவே ஒரு டார்ச் பைத்தியம். பெரும்புயலில் மரங்கள் சாய்ந்து எங்கள் பிளாக்கே இருட்டில் கிடந்த வாரத்தில்தான் எங்கள் கூட்டம் உருவானது. அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிறவர்கள் டீக்கடையில் மெழுகுவர்த்திக்கு முன்னால் உட்கார்ந்து, யாருடைய டார்ச் எவ்வளவு தூரம் அடிக்கிறது என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தோம். பால் வாங்க வந்த அக்கா நின்று பார்த்தார். "தண்ணி டேங்க் வரைக்கும் அடிக்குது, சரி. கையில இருக்குற டம்ளர்ல ஈ விழுந்தா தெரியுமா?" என்றார். கைப்பையிலிருந்து தன்னுடைய டார்ச்சை எடுத்து மேஜைமேல் வைத்தார். அன்றே கூட்டத்தில் சேர்ந்துவிட்டார்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கூடினோம். வாட்ஸப் வந்ததும் வாரம் முழுவதும் சண்டை போட வசதியானது. அப்படி ஒரு சண்டையில்தான் நமக்கென்றே ஒரு டார்ச் செய்துகொள்ளலாம் என்ற யோசனை பிறந்தது. சுண்டு விரல் அளவில், சாவிக்கொத்தில் தொங்கவேண்டும். அலுமினியம் என்றால் சாவியோடு உரசிப் பூச்சு போய்விடும், ஆகவே டைட்டானியம். குமரவேல் பண்ருட்டியில் லேத் பட்டறை வைத்திருந்தான். முந்திரி உடைக்கும் மெஷின்களுக்கு உதிரிபாகம் கடைபவன். டைட்டானியத்தைக் கடைந்தால் சூடேறி உளி மழுங்கும் என்று புலம்பிக்கொண்டே, டார்ச்சின் முதல் கூட்டைக் கடைந்து போட்டோ அனுப்பினான். அன்று நாங்கள் யாரும் வேறு வேலை பார்க்கவில்லை.

தகராறு உள்ளே வைக்கும் பல்பில் வந்தது. எல்லோரும் பளிச்சென்ற வெள்ளை கேட்டோம். அக்கா மட்டும் மஞ்சள் கேட்டார். தலையைத் திருகியதும் முதலில் மங்கலாகத்தான் எரியவேண்டும் என்றும் சொன்னார். காரணம் கேட்டால், "வெளிச்சம் மூஞ்சியில அறையக் கூடாதுப்பா" என்பதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பொறுமையிழந்த குமரவேல், "மெழுகுவத்தி வெளிச்சத்துக்கு டைட்டானியம் எதுக்கு? கடையில மெழுகுவத்தியே வாங்கிக்கச் சொல்லுங்க" என்று எழுதிவிட்டான். சிறிது நேரத்தில் அக்கா குழுவிலிருந்து வெளியேறியதாகத் திரையில் ஒரு வரி வந்தது.

அக்கா கோபித்துக்கொண்டு போகிறவர் அல்ல. அதனால் ஒரு மாலை, அவர் தங்கியிருந்த ஸ்டெல்லாவின் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். வாசலில் நின்றவரின் இடப்பக்கமாக நான் வந்ததை அவர் கவனிக்கவே இல்லை. கூப்பிட்டதும் திடுக்கிட்டார். உள்ளே உட்கார்ந்த பிறகு தானாகவே சொன்னார். "கண்ணுல அழுத்தம், பழனி. வெள்ள லைட்டப் பாத்தா கண்ணாடி நொறுங்குன மாதிரி சுத்தியும் தெறிக்குது. ஆப்ரேசன் பண்ணா போன பார்வ வராது, இருக்குறதக் காப்பாத்தலாம்னு சொல்றாங்க. எங்க சித்திக்கு இப்படித்தான் கத்தி வெச்சாங்க. அதுக்கப்புறம் அவங்களுக்குப் பகலே இல்ல. நான் மாட்டேன்." பிறகு, "சாவுக்கு எனக்கு பயமில்லப்பா. இருட்டுக்குத்தான் பயம்" என்றார்.

குமரவேலிடம் சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்லு. ஆனா மன்னிப்பு கின்னிப்புன்னு வந்து நிக்கக் கூடாது" என்றார்.

அவன் மன்னிப்பு கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு பல்புகளையெல்லாம் ஒரு டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு வந்தான். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, ஒவ்வொன்றாக மாட்டிச் சுவரில் அடித்துக் காட்டினான். அக்கா "வேணாம், வேணாம்" என்று ஒதுக்கிக்கொண்டே வந்து, தேன் நிறத்தில் ஒன்று எரிந்ததும், "இது. இதுல ஒண்ணும் தெறிக்கல" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. குமரவேல் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. அவருக்கு இடப்பக்கம் போய் நின்று, "அக்கா, நேரா பாருங்க. என் கை ஆடுறது தெரியுதா?" என்றான்.

"எந்தக் கை?"

அவன் டார்ச்சைக் கழற்றி டிபன் பாக்ஸில் போட்டு மூடினான். "அப்ப இது பத்தாதுக்கா. நாளைக்கே பாண்டிச்சேரி கண்ணாஸ்பத்திரிக்குப் போலாம். ஆப்ரேசன் முடிஞ்சி கட்டுப் பிரிச்சப்புறம்தான் டார்ச்சு."

"என் டார்ச்சுடா அது."

"பட்டறை என்னுது."

அக்கா திட்டித் தீர்த்தார். ஸ்டெல்லா அடுக்களை வாசலில் கரண்டியும் கையுமாக நின்றாள். மாதக்கணக்கில் அவள் கெஞ்சி நடக்காத காரியம் அது. கடைசியில் அக்கா, "பஸ்ஸுல வரமாட்டேன், காரு வெக்கச் சொல்லு" என்றார். ஸ்டெல்லா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கட்டுப் பிரித்த நாளில் ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களுக்கு உட்காரத் தோன்றவில்லை. கதவு திறந்தது. அக்கா கறுப்புக் கண்ணாடியோடு ஸ்டெல்லாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். எங்களுக்கு எதிரே நின்று ஒவ்வொருவராகப் பார்த்தார். "குமாரு, சட்டையில பட்டன மாத்திப் போட்டிருக்க" என்றார். குமரவேல் பட்டனைக் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டான். பிறகு பையிலிருந்து டார்ச்சை எடுத்து அவர் கையில் வைத்தான்.

அதற்குப் பிறகு அவர் வாழ்ந்த வருஷங்களில் இருந்த பார்வை இருந்தபடியே நின்றது. திரும்பக் குழுவில் சேர்ந்து எங்களோடு பழையபடி மல்லுக்கு நின்றார். தெருக்களில் புதிதாக வந்த வெள்ளை விளக்குகளைத் திட்டினார். பேரனுடைய கல்யாணத்தை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். அவர் பயந்த இருட்டு வரவேயில்லை. நல்ல பகலில், கண்ணாடியைக் கழற்றாமல் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்து திரும்பும்போது குமரவேல், "ஜெயிச்சிட்டாங்கப்பா" என்றான்.

அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது ஒரு பழக்கம். காரணம் சொல்லாமல் ஒருவர் பிடிவாதம் பிடித்தால் இப்போதெல்லாம் நான் வாதாடுவதில்லை, அவர் வீட்டுக்குப் போகிறேன். எங்கள் செக்‌ஷனில் கம்மாபுரத்துக்காரர் ஒருவர் சில வாரங்களாக நிலக்கரி கன்வேயர் பக்கம் வேலைக்குப் போக மறுக்கிறார். எல்லோரும் அவரைச் சோம்பேறி என்கிறார்கள். போன ஞாயிறு அவர் வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தார், மழை பற்றிப் பேசினார், விஷயத்துக்கு வரவில்லை. வரும் ஞாயிறும் போகப்போகிறேன்.