அம்மாவின் வலது தோள்

அம்மாவுக்கு ஊசி போட்டவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மேல்கைச் சதையில் போடவேண்டிய தடுப்பூசியைத் தோள்மூட்டுக்குள் இறக்கிவிட்டார். அன்றிலிருந்து அம்மாவின் வலது கை நெற்றிவரை எழும்பவில்லை. பூசைக்குப் போனால் இடது கையால்தான் சிலுவை அடையாளம் போடுவார். பின்வரிசை வாங்கில் இருந்த சனம் அதையும் கதையாக்கியது.

இழப்பீட்டுக்கு விண்ணப்பித்தோம். காசு எனக்கு இரண்டாம்பட்சம். 'பிழை என்னுடையது' என்று யாராவது எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். அந்தத் தாளை நோர்வேயில், ஹொல்ம்லியாவில் இருக்கும் எங்கள் வீட்டு வரவேற்பறையில் மாட்டுவதற்குப் படச்சட்டமும் வாங்கி வைத்தேன்.

"ஏன் பிள்ளை உனக்கு இவ்வளவு கோவம்?" என்றார் அம்மா.

"உங்களுக்கு வராதபடியால்தான் எனக்கு வருது."

விண்ணப்பத்தை நிராகரித்துப் பதில் வந்தது. ஊசி போட்ட வாரம் அம்மா குடும்ப வைத்தியரிடம் தோள்வலி என்று சொல்லவே இல்லையாம். வைத்தியர் பொய் எழுதியிருக்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரைச் சந்திக்கு இழுப்பதற்கென்றே மருத்துவப் பதிவை வரவழைத்தேன்.

அதில் ஒரே வரி: 'மகள் மொழிபெயர்த்தார். ஊசிக்குப் பிறகு ஹோன் வலிக்கிறது.'

"ஊசி போட்டதிலையிருந்து கை நோகுதெண்டு சொல்லு," என்றுதான் அம்மா அன்று சொன்னார். எங்களுடைய 'கை' என்ற சொல் விரல்நுனியில் தொடங்கித் தோளில் முடிகிறது. நோர்வேக்காரரின் 'ஹோன்' மணிக்கட்டோடு நின்றுவிடும். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? வேலையில் அரைமணி நேரம் கேட்டு ஓடிவந்த அவசரத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். வைத்தியரும் விரல்களை மடக்கிப் பார்த்து அனுப்பிவிட்டார். ஒருதரம் கையைத் தூக்கச் சொல்லியிருக்கலாம். அதற்காக இன்றைக்கும் அவரைக் கடையில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

மேன்முறையீட்டில் நடந்ததை விளக்க வேண்டியிருந்தது. 'மொழிபெயர்ப்பில் பிழை என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

இழப்பீடு கிடைத்தது. வந்த கடிதத்தில் ஊசி போட்டவரின் பெயர்கூட இல்லை.

"அப்ப ஒருத்தரும் பிழையெண்டு எழுதேல்லையோ?" என்று அம்மா கேட்டார்.

"ஒராள் எழுதிக் கையெழுத்தும் வைச்சிருக்கு."

"ஆர்?"

"நான்தான் அம்மா. அண்டைக்கு டொக்டரிட்டைப் பிழையாச் சொன்னது நான்."

அம்மா எழுந்துபோய் அலுமாரியிலிருந்த படச்சட்டத்தை இடது கையால் எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"அப்ப அந்தத் தாளைச் சுவரிலை கொழுவு," என்றார்.