பின்னால் வந்த செய்தி

ஏற்காட்டு மலையில், நாகலூரில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறேன். நிறுவனம் சென்னையில் இருக்கிறது. ஒரு பெரிய மருத்துவமனைக் குழுமத்தின் ஆய்வகங்களை இணைக்கும் மென்பொருளை வடிவமைத்தது நான். ரத்தம் எடுத்தாலும், முடிவு வந்தாலும், அது திருத்தப்பட்டாலும், ஒவ்வொன்றும் ஒரு நிகழ்வாக அமைப்புக்குள் அறிவிக்கப்படும். நோயாளியின் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் பகுதி, மருத்துவரின் திரைக்கு அனுப்பும் பகுதி என்று வேண்டியவை அதைக் கேட்டுக்கொள்ளும். எதுவும் எதற்காகவும் காத்திருக்காது. ஒன்று நின்றுபோனாலும் மற்றவை ஓடும். நின்றது எழுந்ததும் விட்டுப்போனதை வாங்கி முடிக்கும். எந்த நிகழ்வும் தொலையாது என்பதில் எனக்குக் கர்வமே இருந்தது.

பரிசீலனைக் கூட்டத்தில் எங்கள் குழுவிலிருந்த ஒரு பெண், ஒரே நோயாளியின் இரண்டு நிகழ்வுகள் வரிசை மாறி வந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். அது அபூர்வம், அடுத்த கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். வரிசையைக் கட்டாயமாக்கினால் வேகம் குறையும். எனக்கு வேகம் வேண்டியிருந்தது. அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

பக்கத்து வீட்டு அக்கா எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கப் போகிறவர். முட்டி வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறி இறங்குவார். கால் வீங்குகிறதென்று ஏற்காட்டில் அந்தக் குழுமத்தின் கிளையிலேயே ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். இரண்டு வாரம் கழித்து முகமும் வீங்கிவிட்டது. அவருடைய கணவர் சேலத்துக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்தார். மறுநாள் துணிமணி எடுக்க வந்தவர் நேராக என்னிடம் வந்து கைபேசியை நீட்டினார்.

"கண்ணு, நீ கம்ப்யூட்டர் வேலை பாக்கறயில்ல, இதப் பாரு. மொதல்ல டாக்டரப் பாருங்கன்னு ஒண்ணு வந்துச்சு. சாயங்காலமே எல்லாம் நல்லா இருக்குதுன்னு இன்னொண்ணு வந்துச்சு. பின்னால வந்ததுதான சரியா இருக்கும்னு உட்டுட்டோம். இப்ப டாக்டரு, கிட்னி அன்னைக்கே கெட்டிருக்குது, இன்னும் எதுக்கு அந்த மாத்திரையப் போட்டீங்கன்னு கேக்கறாரு."

இரண்டு செய்திகளையும் பார்த்தேன். வாசகங்கள் நானே ஒப்புதல் தந்தவை. பார்த்துச் சொல்கிறேன் மாமா என்று மட்டும் சொன்னேன்.

பதிவுகளைத் தோண்டியபோது எல்லாம் தெரிந்தது. ஆய்வகம் முதலில், எல்லாம் சரியாக இருப்பதாகத் தவறான முடிவை ஏற்றியிருந்தது. சற்று நேரத்தில் கண்டுபிடித்துத் திருத்திவிட்டது. ஆனால் முதல் நிகழ்வு, நின்றுபோன ஒரு பகுதியில் சிக்கிக்கொண்டது. திருத்தம் வேறு வழியாக முன்னால் போய்விட்டது. மாலையில் அந்தப் பகுதி எழுந்து, நான் வடிவமைத்தபடியே, தன்னிடம் இருந்த பழைய முடிவை ஒழுங்காக அனுப்பி வைத்தது. எதுவும் பழுதாகவில்லை. எதுவும் தொலையவும் இல்லை.

ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, பழையது பின்னால் வந்தால் ஒதுக்கச் சொல்ல வேண்டும். இரண்டு நாள் வேலை. அன்றே செய்திருக்கலாம்.

அக்காவை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது உள்ளதைச் சொன்னேன். அந்தச் செய்தியை அனுப்பியது நான் வடிவமைத்த அமைப்புதான், இப்படி நடக்கலாம் என்று ஒருத்தி முன்பே எச்சரித்தாள், நான்தான் தள்ளிப்போட்டேன் என்று சொல்லி முடித்தேன். மாமா எழுந்து வெளியே போய்விட்டார். அக்கா போர்வை நுனியைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"என்னயாட்டம் இன்னும் எத்தன பேருக்கு இப்பிடி வந்திருக்கும், கண்ணு?"

அதை நான் பார்க்கவே இல்லை. அக்காவின் பதிவோடு நிறுத்தியிருந்தேன். வீடு திரும்பித் தேடினேன். இன்னும் சிலர் இருந்தார்கள். மென்பொருளில் திருத்தத்தைச் சத்தமில்லாமல் போட்டுவிடலாம், அந்த நோயாளிகளிடம் சொல்லப்போனால் ஒப்பந்தத்துக்கே ஆபத்து என்றார் என் மேலாளர். பட்டியலை மருத்துவமனைக்கே நேராக அனுப்பிவிட்டு, அனுப்பியதை அவரிடம் சொன்னேன். அங்கிருந்து ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்தார்கள். ஒரு குடும்பத்தில் மட்டும் யாரும் எடுக்கவில்லை என்று பதில் வந்தது. அவர்கள் யார், என்ன ஆனார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கூட்டத்தில் கேட்ட பெண்ணை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். இன்னும் அழுத்திக் கேட்டிருக்க வேண்டும் என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அக்கா திரும்பி வந்துவிட்டார். டயாலிசிஸ் வரை போகவில்லை. ஆனால் சிறுநீரகம் முழுதாகத் தேறாது என்றும், இனி மேட்டில் ஏறக்கூடாது என்றும் டாக்டர் சொல்லிவிட்டார். அந்த மாத்திரைகளால் எவ்வளவு கெட்டது, அதற்கு முன்பே எவ்வளவு கெட்டிருந்தது என்று நான் கேட்டேன். பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

மாதத்துக்கு ஒருமுறை சேலத்துக்கு நானே கூட்டிப்போகிறேன். அக்கா வேண்டாமென்று சொல்வதில்லை. மாமா வாசலில் நின்று பஸ் நேரத்தை அக்காவிடம் சொல்வார். என்னிடம் இன்னும் பேசுவதில்லை.