மீசை வைத்த தோசை

அம்மாவுக்குப் புற்றுநோய்க்காகத் தொண்டையில் கரண்டு வைத்த மாதங்களில்தான் அப்பா சமைக்கக் கற்றுக்கொண்டார். அவர் கொத்தனார். கொட்டாரம் ஊரைச் சுற்றி அவர் பூசிய சுவர்களில் கையை வைத்தால் வழுக்கும். ஆனால் வெந்நீர் வைத்தால்கூட அடிப்பிடிக்க வைத்துவிடுவார் என்று அம்மா கேலி செய்வாள்.

ஆஸ்பத்திரியில் பத்தியம் சொல்லிக்கொடுத்த நர்ஸ், "பாத்தாலே தின்னணும்னு தோணணும், அப்பிடிக் குடுங்க" என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்ததைப் போல அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். வேலை முடிந்து வந்ததும் காலில் சிமென்ட் காய, நடையில் உட்கார்ந்து போனைத் தேய்ப்பார். போனுக்குள் ஊரிலில்லாத கிறுக்குகள் எல்லாம் சோற்றை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சாதத்தில் கரடி செய்து அதற்கு ஆம்லெட்டால் போர்வை போர்த்தியிருந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. வீட்டு பிளான் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

முதலில் இட்டலியில் ஆந்தை வந்தது. கண்ணுக்கு மிளகு, மூக்குக்குக் கேரட். அம்மா சிரித்துக்கொண்டே ஒரு வாய் தின்றாள். அந்த ஒரு வாய் போதுமே, அப்பா அன்று பைக்கில் பாடிக்கொண்டே போனார்.

அம்மாவுக்கு ஒரு நடிகரை ரொம்பப் பிடிக்கும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பிடிக்கும் என்பதில் அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. அந்த நடிகரின் முகத்தை யாரோ ஒரு ரசிகர் தோசையாகச் சுட்ட வீடியோ ஒருநாள் அப்பா கண்ணில் பட்டது. மாவைப் பாட்டிலில் நிரப்பி, கண், புருவம், மீசையை மட்டும் முதலில் கல்லில் கோடாக இழுக்க வேண்டும். அது சிவந்ததும் மேலே மாவை ஊற்றித் திருப்பினால் முகம் தெரியும். அப்பா ஒரு வாரம் பழகினார். கண் ஒழுகின முகங்களையும் வாய் கோணின முகங்களையும் பள்ளிக்கூடம் போகுமுன் நான் தின்று தீர்த்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டில் ஒரு மனித முகம் வந்து நின்றது.

அம்மா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது அவரா? நம்ம பெயிண்டர் அண்ணன்லா இது!"

"மூக்கு கொஞ்சம் தள்ளிப் போச்சு. நீ மீசையப் பாரு, ஏட்டி" என்றார் அப்பா.

அவர் போட்டோ எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனதும், அம்மா மீசையின் ஒரு நுனியைப் பிய்த்து வாயில் வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு முந்தானையில் துப்பிவிட்டு, தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"இத நீ தின்னு மக்கா. எனக்கு இறங்க மாட்டேங்கு."

"அப்பாட்ட சொல்லட்டா?"

"சொல்லாண்டாம். பாவம், கிடந்து பாடுபட்டிருக்காரு."

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், காலையில் கண் விழிக்கும்போதே தோசைக்காகக் காத்திருந்தேன். அப்பா வந்து வெறும் தட்டைப் பார்த்துவிட்டு, அதையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் என்னையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அம்மாவை எடை பார்த்த டாக்டர் இரண்டாம் முறையும் ஏறி நிற்கச் சொன்னார். அப்பா போனை நீட்டினார். "அவ எல்லாம் சாப்பிடுதா சார். ஒண்ணும் மிச்சம் வைக்கல்ல, பாருங்க." டாக்டர் ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "அம்மா சாப்பிடுறாங்களா பாப்பா?"

அம்மா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, எல்லாத்தையும்" என்றேன். அது போதாதோ என்று தோன்றி, "தட்ட வழிச்சு நக்கிருவா" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அப்பா சிரித்தார். சிரித்தபடியே உப்பியிருந்த என் கன்னங்களைப் பார்த்தார். பிறகு போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். மூக்கு வழியாக டியூப் போட அடுத்த வாரம் வரச் சொன்னார் டாக்டர்.

டியூப் போட்டார்கள். அம்மா ஐப்பசி மழைவரை இருந்தாள். என் மனதில் நிற்பது டியூப் போடுவதற்கு முந்தைய அந்த வாரம்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாள் காலையிலும் நடிகர் வந்தார், அதே மீசையோடு. அப்பா தட்டை அம்மா கையில் கொடுத்துவிட்டு, நிற்காமல் உள்ளே போனார். அம்மா என்னிடம் நகர்த்தினாள். ஒரு வாய் வைத்தேன். இனித்தது. மாவில் தேங்காய்ப்பாலும் சீனியும் தாராளமாகக் கலந்திருந்தன. அம்மா காப்பிக்கே சீனி போடாதவள். என்னிடமிருந்தோ சீனி டப்பாவை மேல்தட்டில் ஒளித்து வைக்க வேண்டும்.

"அப்பாக்கு ஒண்ணும் தெரியல்லம்மா. உனக்குப் போயி சீனி போட்டிருக்காரு" என்றேன், வாய் நிறைய.

அம்மா அடுப்படிப் பக்கம் பார்த்தாள். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம்கூட இல்லை.

"ஆமா மக்கா, அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள்.

நான் அதை நம்பினேன். ரொம்ப வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.