சொர்ணம் மறித்த ரோடு

நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் சொர்ணத்துக்கு ஒரே ஒரு ஆசைதான். தன் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஓடுகிற ரோட்டில் ஒரு வேகத்தடை வேண்டும். அவள் புருஷன் தேசிங்குவை ஷேர் ஆட்டோ அடித்து இடது கால் போனது அங்கேதான். அதற்கப்புறம் மனிதர் கடல் பக்கம் போகவேயில்லை. கட்டையை ஊன்றி ரோட்டோரம் வரை வருவார், வண்டிகள் பறப்பதைப் பார்ப்பார், திரும்பிவிடுவார். புயலிலேயே படகு இறக்கியவர் ஒரு ரோட்டுக்குப் பயந்து வீட்டில் கிடப்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

ரோடு என்றால் ஏதோ மதுரை வரை போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். பஸ்ஸில் ஏறிச் சில்லறை தேடி எடுப்பதற்குள் முடிந்துவிடும். ஆனால் பெயர் மட்டும் மாநில நெடுஞ்சாலை. இரண்டு பெரிய சாலைகளை இணைக்கிறது என்று எந்தக் காலத்திலோ யாரோ கட்டிவிட்ட பட்டம். சொர்ணம் வேகத்தடை கேட்டு நெடுஞ்சாலை ஆபீஸுக்குப் போகும்போதெல்லாம், "ஹைவேல ஸ்பீட் பிரேக்கர் போட ரூல் இல்லம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள்.

பிறகு வேறு பக்கம் புதுச் சாலை திறந்தார்கள். லாரிகள் அங்கே போய்விட்டன. இனி இது நெடுஞ்சாலை இல்லை, மாநகராட்சி பார்த்துக்கொள்ளட்டும் என்று அரசாங்கம் பட்டத்தைப் பிடுங்கியது. சொர்ணம் அம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். அவசரப்பட்டுவிட்டாள்! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டாமா?

மாநகராட்சி ஆபீஸில், "ரோடு இன்னும் எங்க கைக்கு வரல" என்றார்கள். நெடுஞ்சாலை ஆபீஸில், "நாங்க எப்பவோ குடுத்துட்டோம்" என்றார்கள். லாரி இல்லாத ரோட்டில் கார்கள் முன்னைவிட வேகமாகப் பறந்தன.

ஆடி வந்தது. நெடுஞ்சாலையில் பந்தல் போட விடமாட்டார்கள் என்பதால் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவது எப்போதும் சந்துக்குள்ளேதான். இந்த முறை சொர்ணம் பக்கத்து வீட்டு ஜலஜாவிடம் சொன்னாள்: "இந்த வருசம் கூழு நடுரோட்டுல."

"ஐயோ, யாராச்சும் வந்து கேட்டா?"

"கேக்கட்டும்க்கா. அதுக்குத்தானே ஊத்துறதே."

ஞாயிற்றுக்கிழமை காலை ரோட்டின் குறுக்கே பந்தல் எழுந்தது. ஆம்புலன்ஸ் வந்தால் போக மட்டும் ஓரமாக வழி விட்டிருந்தாள். அண்டா அண்டாவாகக் கேழ்வரகுக் கூழ், கருவாட்டுக் குழம்பு, ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு. பின்னால் சாந்தோம் வரை கார்கள் நின்று அலறின.

இத்தனை மாதம் கண்ணிலேயே படாத மாநகராட்சி இன்ஜினியர் ஸ்ரீஹரி ஜீப்பில் பறந்து வந்தார். பாட்டுச் சத்தத்தில் அவர் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. கடுப்பாகி மைக்கைப் பிடுங்கினார்.

"யாரைக் கேட்டு பந்தல் போட்டீங்க? இது கார்ப்பரேஷன் ரோடு!"

குப்பம் முழுக்கக் கேட்டது. பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு சொர்ணம் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"இன்னா சார் சொன்ன? இன்னொரு தபா சொல்லு."

ஸ்ரீஹரி மைக்கைக் கீழே இறக்கினார். பெண்கள் விசிலடித்தார்கள்.

"உன் ரோடுதானே? அப்ப ஸ்பீட் பிரேக்கர் எப்ப போடுவ? அதையும் மைக்குலயே சொல்லிடு. சொன்னா இப்பவே பந்தல பிரிச்சிடுறோம். சொல்லலன்னா அடுத்த ஞாயித்துக்கெழமையும் கூழு கீது."

அவர் பந்தலைப் பார்த்தார், அலறும் கார்களைப் பார்த்தார். "இந்த வாரமே போட்டுடறேன்" என்று மைக்கில் சொன்னார். சொர்ணம் அவருக்கு ஒரு சொம்பு கூழும் கடித்துக்கொள்ள வெங்காயமும் கொடுத்தாள். பாவம், வெயிலில் வந்த மனிதர்.

சொன்னபடி போட்டுவிட்டார். வெள்ளைக் கோடு காய்ந்த மறுநாள் காலை தேசிங்கு கட்டையோடு ரோட்டோரம் வந்தார். கை பிடிக்கப்போன சொர்ணத்தைத் தள்ளிவிட்டுத் தனியாகவே இறங்கினார். ஒரு கார் மேட்டருகே மெதுவாகி நின்றது. நடு ரோட்டுக்கு வந்ததும் அவர் நின்று, அந்தக் காரை நன்றாக முறைத்துப் பார்த்தார். டிரைவர் ஹாரனில் கை வைத்தான்.

"இரு நைனா," என்று சொர்ணம் கத்தினாள், கண்ணில் தண்ணீர் ஓட. "எங்க வூட்டுக்காரரு கடலுக்குப் போறாரு."