பதினொரு மணி மிஸ்டு கால்

ராட்டர்டாம் நகர டிராமில் யாருடைய கைப்பேசியாவது மணியடித்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பெற்ற தாயிடம் பேசக்கூட முதலில் செய்தி அனுப்பி நேரம் கேட்கிற ஜனங்கள் இவர்கள். என்னுடையது தினமும் காலை வேலைக்குப் போகும் நேரத்தில் இரண்டு முறை அடித்து அடங்கும். நான் எடுக்க மாட்டேன். ஒருநாள் பக்கத்து இருக்கைக்காரர் பரிதாபப்பட்டு, "கோபத்தில் வைத்துவிட்டார்களா?" என்று கேட்டார். "இல்லை, என் அப்பா நலம்" என்றேன். மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பென்னாகரம் பக்கம் எங்கள் புளியந்தோப்பில் அப்பா தனியாக இருக்கிறார். காட்டு வேலை முடித்து, அங்கே பதினொரு மணிவாக்கில் வீட்டுக்கு வந்ததும் எனக்கு மிஸ்டு கால் கொடுப்பார். வந்தால் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். பன்னிரண்டு வரை வராவிட்டால் பக்கத்துக் காட்டு மாதப்பன் அண்ணனை நான் கூப்பிட வேண்டும். இத்தனை வருஷமும் எங்கள் இரண்டு பேரையும் கட்டி வைத்திருந்தது இந்த ஏற்பாடுதான்.

என் பிழைப்பு என்னவென்றால், மனிதருக்குப் பதிலாகக் கைப்பேசியை இயக்கும் செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட் எதைக் கேட்டுச் செய்யலாம், எதைக் கேட்காமல் செய்யலாம் என்று விதி எழுதுவது. பணம் அனுப்பக் கேட்க வேண்டும். அலாரம் வைக்கக் கேட்க வேண்டாம். ஒரு கூட்டத்தில் என்னுடன் வேலை பார்க்கும் ஹன்னா கேட்டாள்: "தெரிந்த எண்ணுக்குத் தினமும் போகிற, யாரும் எடுக்காத அழைப்பு. இதை ஏஜென்ட் கேட்காமல் செய்தால் என்ன தீங்கு வந்துவிடும்?" அந்த அறையில் மிஸ்டு காலை நம்பி வாழ்ந்தவன் நான் ஒருவன்தான். சொன்னால் பட்டிக்காட்டான் கதை அளக்கிறான் என்று நினைப்பார்களோ என்று கூச்சம். "ஒன்றுமில்லை" என்று சொல்லி, கேட்க வேண்டாதவற்றின் பட்டியலில் என் கையாலேயே அதைச் சேர்த்தேன். புத்தி கெட்டவன்.

அப்பாவின் மரத்துப்போன விரலுக்குத் தொடுதிரை மசியாது. அதனால் போன விடுமுறையில் அந்த ஏஜென்டின் சோதனைப் பதிப்பை அவர் போனில் போட்டுவிட்டு வந்தேன். வாயால் சொன்னாலே செய்யும். நாளாக ஆக, மிஸ்டு கால் ஒரு நிமிஷம் பிசகாமல் பதினொன்றுக்கு வர ஆரம்பித்தது. அப்பா திருந்திவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன்.

புளி உலுக்கும் பருவத்தில் ஒரு நாள், டிராமில் மிஸ்டு கால் வந்து கொஞ்ச நேரத்தில், மாதப்பன் அண்ணன் கூப்பிட்டார். அவராகக் கூப்பிட்டதே இல்லை.

"உங்கப்பா மரத்துலருந்து வுழுந்து மூணு நாளாச்சு. இடுப்பெலும்பு முறிஞ்சி ஆஸ்பத்திரில கெடக்கறாரு. மிஸ்டு கால் வரலைன்னா நீயே கூப்புடுவியேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இவ்வளவு கல்நெஞ்சா ஒனக்கு?"

"இன்னைக்கும் வந்துச்சுங்களேண்ணா. இப்பத்தான், பதினோரு மணிக்கு."

மாதப்பன் அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"போனு சார்ஜுல கெடக்குதுப்பா. வூடு பூட்டியிருக்குது. சாவி எங்கிட்ட இருக்குது."

அப்பாவின் பழக்கத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஏஜென்ட், யாரையும் கேட்காமல் தானே அழைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அப்பா விழுந்தது காலையில். ஆடு ஓட்டிப்போன மாதப்பன் கண்டது சாயங்காலம். நடுவில் பதினொரு மணிக்கு, அவர் மரத்தடியில் தண்ணீருக்குத் தவித்துக் கிடக்கையில், "அப்பா நலம்" என்று அந்தப் போன் எனக்குச் சொல்லியிருக்கிறது. அன்று அது வராமல் இருந்திருந்தால் பன்னிரண்டுக்கே ஆள் போயிருக்கும்.

ஊருக்குப் போய் அப்பாவைப் பார்த்தேன். முதல் வேலையாக அவர் போனிலிருந்து ஏஜென்டை நீக்கினேன். திரும்பி வந்து, ஒருவர் நலமாக இருக்கிறார் என்பதற்கு அடையாளமான எதையும் அவருக்குப் பதிலாகக் கருவி செய்யக் கூடாது என்று விதி எழுதினேன். "அது அடையாளம் என்று கருவிக்கு எப்படித் தெரியும்?" என்றாள் ஹன்னா. நியாயமான கேள்வி. தெரிந்த நானே வாயை மூடிக்கொண்டுதானே இருந்தேன்.

அப்பா இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். மிஸ்டு கால் பழையபடி நேரம் தவறித்தான் வருகிறது. ஆனால் நான் எடுத்துவிடுகிறேன்.

"ஏன்டா எடுத்த?"

"நீங்கதானான்னு பாத்தேங்கப்பா."

முதல்நாள் அப்படிச் சொன்னதும் அவர் கோலைச் சாய்த்துவைக்கும் சத்தம் வந்தது. மூச்சு வாங்குவது கேட்டது. பின்னால் மாதப்பனின் ஆடுகள் கத்தின.

"நாந்தான்டா" என்றார்.

நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் டிராமின் கதவு திறந்து மூடியது. போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்தே இருந்தேன்.